தண்ணீர் மேல் போட்ட பழி

என் மகள் ஆற்றில் இறங்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவள் நான்தான். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், படித்துறைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு. விடுமுறை நாளென்றால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஆற்றில்தான் கிடப்பார்கள். ஏழு வயதான இவள் மட்டும் மேல்படியில் உட்கார்ந்து அவர்கள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் அந்த மூக்கால் வந்தது.

தும்மல் ஒன்றிரண்டோடு நிற்காது. அடுக்கடுக்காக வரும். மூக்கு தண்ணீராக ஒழுகும். உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது. தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும். காய்ச்சல் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நீர்க்கோவை என்று நானே முடிவு செய்துவிட்டேன். தலைக்கு ஊற்றினால் தண்ணீர் மண்டைக்குள் கோத்துக்கொள்ளும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றியதும் சிரட்டைக் கங்கில் சாம்பிராணி போட்டு, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, ஈரக்கூந்தலை விரித்துக் காட்டுவேன். கூந்தல் காய்வதற்குள் தும்மல் தொடங்கிவிடும். “பாத்தியா, தண்ணி கோத்துக்கிட்டு” என்று இன்னும் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போடுவேன்.

தலைக்குளியலைக் குறைத்தேன். தயிரை நிறுத்தினேன். வாழைப்பழம், ஐஸ்கிரீம் எல்லாம் போயின. கடைசியில் ஆறும் போயிற்று.

இதே ஆற்றில் நீந்தி வளர்ந்த என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏளா, தண்ணி படாம வச்சிருக்கியே, அவ என்ன வெல்லக்கட்டியா?”

“அவ தும்முதது உங்க காதுல விழலியா?”

“விழுது. ஆத்துல எறங்காமத்தான இப்பமும் தும்முதா?”

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். எழுந்ததே தாமதம். கங்கு மூட்ட நேரமில்லை. தலைக்கு ஊற்றி, துண்டால் துவட்டி, மின்விசிறிக்கு அடியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். பேருந்தில் வழி முழுக்க எனக்கு அதே கவலை. புகை காட்டவில்லையே, இன்றைக்கு இவள் மண்டபத்தையே இரண்டாக்கப் போகிறாளே என்று. மணப்பெண்ணைப் பார்த்ததைவிட என் மகளின் மூக்கைத்தான் அதிகம் பார்த்தேன். பந்தியில் யாரோ அவளுக்குத் தயிர்ச்சோறு பரிமாறினார்கள். என் கண்ணில் படாமல் அவளே போய் ஐஸ்கிரீமும் வாங்கித் தின்றாள். ஒரு தும்மல்கூட இல்லை.

அதை அதிர்ஷ்டம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா சுண்டல் வாங்கிப்போக இவளைக் கூப்பிட்டார். காய்ந்த தலையோடு போனவள் ஓயாமல் தும்மிக்கொண்டு திரும்பினாள். பின்னாலேயே அந்த அக்காவும் சிரித்துக்கொண்டு வந்தார்.

“என்னட்டி ஒம் மக, சுண்டல் வாங்க வந்துட்டு, தும்மித் தும்மி வீடெல்லாம் தூத்தல் போட்டுட்டுப் போறா!”

“யக்கா, சாம்பிராணி போட்டிருந்தீகளா?”

“வெள்ளிக்கெழமையில்லா? போடாம இருப்பனா?”

கையில் சுண்டலோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான். இரண்டு பொருளைச் சேர்த்துப் போட்டு ஒரு மாற்றம் தெரிந்தால், எது காரணம் என்றறிய ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் பாடம். கல்யாணத்தன்று தண்ணீர் இருந்தது, புகை இல்லை. இன்று புகை இருந்தது, தண்ணீர் இல்லை. அப்படியானால் தண்ணீர் செய்த குற்றம் என்ன?

சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“மூக்கு அரிக்குமா? கண்ணும் அரிக்குமா?”

“ஆமா டாக்டர்.”

“இது சளி இல்லம்மா, ஒவ்வாமை. சளின்னா ஒரு வாரம், பத்து நாள்ல அடங்கிரும். இவ மூக்குக்குச் சில தூசி ஆகாது. அது பட்டா உள்சவ்வு வீங்கிக்கிடுது. புகை அத இன்னும் கிளப்பிவிடும்.”

நான் சாம்பிராணிக் கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா? பாதி வேலைய முடிச்சிட்டுல்லா வந்திருக்கீங்க!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பிறந்ததிலிருந்து நீ செய்தது சரி என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மீதிப் பாதியை அவர் சொல்லித்தந்தார். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கும். உறைகளை வாராவாரம் வெந்நீரில் அலச வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்த வேண்டும். மூக்கில் அடிக்க ஒரு மருந்தும் எழுதினார்.

“இது ஸ்டீராய்டுல்லா டாக்டர்?”

“மூக்குக்குள்ள மட்டும் படுற கொஞ்சூண்டு அளவு. நான் சொன்னபடி தினமும் அடிங்க. அடிச்சதும் கேக்காது, பலன் தெரியச் சில நாள் ஆகும். நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. அப்பப்ப கூட்டிட்டு வாங்க, பாத்துக் குறைச்சுக்கிடலாம்.”

கதவுவரை போனவள் திரும்பி வந்தேன். “ஆத்துல குளிக்கலாமா?”

“தாராளமா. தண்ணி தெளிவா ஓடணும், கூட ஆள் நிக்கணும்.”

வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டிக்குள் இருந்த குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடிக்கும்போது தலை லேசாகக் குனிந்திருக்க வேண்டும். குழாயின் நுனி நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, கன்னத்துப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். உறிஞ்சி இழுக்கக் கூடாது. நான் பாட்டிலை எடுத்தாலே கணவர் கூவுவார்: “ஏலே வழிவிடுங்க, பயிருக்கு மருந்தடிக்க ஆள் வந்தாச்சு!” மகள் சிரித்து மூக்கை ஆட்டிவிடுவாள். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தவறாக அடிக்கிறேனோ, வேறு மருத்துவரைப் பார்க்க வேண்டுமோ என்று மனம் அலைந்தது. பிறகு ஒரு காலையில் எட்டிப் பார்த்தால், வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கணவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன்.

பங்குனியில் பிசானப் பருவத்து நெல் அறுவடை தொடங்கியது. சாலைக்கு அந்தப் புறம் இயந்திரம் இறங்கி வயல் முழுக்கத் தூசி கிளப்பியது. போன வருடம் இதே சமயத்தில் அவளுக்குக் கண்ணே திறக்கவில்லை. இந்த முறை ஜன்னல்களைச் சாத்தினேன், துணிகளை உள்ளேயே உலர்த்தினேன், வெளியே போய் வந்ததும் முகம் கழுவவைத்தேன். எப்போதாவது இரண்டு தும்மல் போட்டாள். அதோடு சரி.

அந்த அறுவடை முடிவதற்குள்ளேயே ஒருநாள் படித்துறையில் அவள் கேட்டுவிட்டாள். “எம்மா, நான் எறங்கட்டா?”

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, “அப்பா கையப் பிடிச்சிக்கிட்டு எறங்கு” என்றேன்.

அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க, அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்தபோது தலையெல்லாம் சொட்டச் சொட்ட நின்றாள். இப்போது வரும், இப்போது வரும் என்று படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி முங்கினாள். பிறகு அப்பாவின் கையை உதறிவிட்டுக் கையையும் காலையும் கண்டபடி அடித்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி வளைத்துத் தண்ணீரை வாரி இறைத்தார்கள். அவளும் விடவில்லை.

பொழுது சாயும்வரை கரையேறவில்லை. விரல்நுனியெல்லாம் சுருங்கிப்போயிருக்கும். படிக்கட்டில் மற்ற அம்மாக்கள் அவரவர் பிள்ளைகளைத் திட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்து கத்தினேன்.

“ஏட்டி, போதும்! கரையேறுதியா, நான் எறங்கி வரவா?”

“இன்னும் ஒரே ஒரு முங்கு, எம்மா!”

அதற்கப்புறமும் எத்தனையோ முங்கு போட்டாள். நான் தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.