அப்பாவின் மெட்டும் ஒரு குடிகாரன் தட்டிய கதவும்

எங்கள் சபையில் ஒரு பாட்டைப் பாடுவதற்கு முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லும் வழக்கம் உண்டு. மூன்று நிமிடம், அதற்குமேல் போனால் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பாடகர் குழுவில் பல வருஷமாக அந்த வேலை என் தலையில்தான் விடிகிறது. இத்தனை கதைகள் சொன்னதில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கிடந்தவனுக்குப் பிரபலமான பாட்டு எதுவும் வந்ததே கிடையாது. கப்பல் கவிழ வேண்டும், குறைந்தபட்சம் விஷக்காய்ச்சலாவது வர வேண்டும். நிஜத்தில் அந்தக் காலத்து மெட்டுகளில் சில சிப்பாய்கள் குடித்துவிட்டுக் கத்தியவை என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அதைச் சபையில் சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? நான் கப்பலையே கவிழ்ப்பேன்.

எங்கள் வீட்டுக்கென்றும் ஒரு பாட்டு உண்டு. பரலோகத்தின் கதவைத் திறக்கச் சொல்லி ஆண்டவரைக் கெஞ்சும் பாட்டு. மெட்டும் வார்த்தையும் அப்பாவுடையவை. ஜீவனஹள்ளிப் பக்கத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் கல்யாணமோ அடக்கமோ, அது இல்லாமல் நடக்காது. அப்பா அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், ஞாயிறன்று சபையில் ஆர்கன் வாசிப்பவர். ஒருநாள் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்ததாம், மழை பிடித்துக்கொண்டதாம், ரயில் போகிற சத்தத்தில் மெட்டு அப்படியே இறங்கியதாம். அப்பா சொன்னபோது அது ஆறு பெட்டி பாசஞ்சர். என் வாயில் புகுந்து வருஷா வருஷம் வளர்ந்து நாற்பது பெட்டி கூட்ஸ் ஆகிவிட்டது. மேடை என்று ஒன்று இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு மிஞ்சியது அந்தப் பாட்டும் அதனால் வந்த மரியாதையும்தான். எங்கே போனாலும் "பாட்டு போட்டவர் வீட்டம்மா" என்று முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். இந்த வருஷம் சபையின் ஆண்டுவிழா மலரில் பாட்டு பிறந்த கதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, என்னை எழுதச் சொன்னார்கள். கூட்ஸ் வண்டியை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாரம்தான் ஒக்கலிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்களை வாழ்த்தி நாங்கள் அந்தப் பாட்டைப் பாடினோம். அம்மா கீழே சாப்பாட்டு ஹாலில் முதல் பந்தியில் இருந்தாள். வாடகைக்கு வந்திருந்த பேண்டு செட்டில் ஒரு பெரியவர், நாங்கள் கேட்காமலேயே டிரம்பெட்டை எடுத்துக் கூடவே வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் முடித்த பிறகும் அவர் முடிக்கவில்லை. எங்களுக்குத் தெரியாத இன்னொரு அடிக்குள் போய், குதியாட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். குழந்தைகள் ஆடத் தொடங்கிவிட்டன.

நான் அவரிடம் ஓடினேன். "ஐயா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏனம்மா, இது நாடகக் கம்பெனி பாட்டு அல்வா, இல்லியா?" என்றார் கன்னடமும் தமிழுமாக. "எங்கப்பா அந்தக் கம்பெனியில ஹார்மோனியம். காமெடியன் ஃபுல்லா குடிச்சுட்டு வீட்டுக்கு வருவான். பொண்டாட்டி தாப்பாள் போட்டுடுவா. கதவைத் தட்டித் தட்டிப் பாடுவான் பாரு, ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நீங்க ஸ்வல்ப மெதுவா பாடுறீங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

எத்தனை சவப்பெட்டிகளை அந்தக் குடிகாரனின் மெட்டில் வழியனுப்பியிருக்கிறோம்! அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. திருடினதுதான் திருடினார், கதவு தட்டுகிற பாட்டுக்குக் கதவு தட்டுகிற வார்த்தையையே போட்டிருக்கிறாரே, என்ன தைரியம்! அதைவிடப் பெரிய பயம் அம்மாவை நினைத்து. உண்மையை மலரில் எழுதினால் அவளிடம் மிச்சமிருப்பதையும் நானே பிடுங்கினதாகும். எழுதாமல் விட்டாலும், இந்தப் பெரியவர் ஊரெல்லாம் கல்யாணத்துக்கு வாசிக்கிறவர். என்றைக்காவது அம்மா காதில் விழத்தான் போகிறது.

ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, மறுபடி ரயிலையே எழுதினேன். மலர் அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். என் குரலில் ஏதோ பிசகியிருக்க வேண்டும். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள்.

"யார்கிட்டயோ கேட்டுட்டு வந்திருக்கே. யாருடி?"

டிரம்பெட்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தக் கம்பெனி எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் கொட்டகை போட்டிருந்தாங்க," என்றாள் அம்மா. "எங்கப்பாவுக்குத் தெரியாம நாலு வாட்டி பார்த்தேன்."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"புது மெட்டுன்னு உங்கப்பா சொல்லிக் குடுத்த அன்னிக்கு நான் பாடகர் குழுவுல பின்வரிசை. எல்லாரும் உருகி உருகிப் பாடுறாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல, வெளிய ஓடிட்டேன். பின்னாடியே வந்தாரு, மூஞ்சில ரத்தமே இல்ல. கொட்டகைக்கு ஜெனரேட்டர் ரிப்பேர் பண்ணப் போனாராம், மெட்டு ஒட்டிக்கிச்சாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னாரு. சொல்லல, மிச்சப் பாட்டையும் பாடிக் காட்டுங்கன்னேன். காம்பவுண்டுலயே தள்ளாடித் தள்ளாடிப் பாடிக் காட்டினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கல்யாணம் ஆச்சு, நீ பொறந்தே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்ற அடி வந்ததும் ஆர்கன்லேர்ந்து என்னைப் பார்ப்பாரு. இப்போ மூணு வருஷமா நான் மட்டும் தனியா சிரிக்கிறேன்டி."

நான் காப்பாற்றக் கிளம்பியது அவளுடைய கௌரவத்தை. அவளுக்கு அது பெரிதாகவே இல்லை. கூடச் சிரிக்க ஆள் இல்லாததுதான் அவள் துக்கம் என்று இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. டிரம்பெட்காரர் வாசித்த அந்த இன்னொரு அடியை நினைவிருந்தவரை முனகிக் காட்டினேன். அம்மா கத்தியால் பலகையில் தாளம் தட்டி, நான் விட்ட இடங்களைத் திருத்தினாள்.

மலரில் ரயில்தான் வந்தது. அம்மா சொன்னதன்பேரில் இரண்டு பெட்டி கூடுதலாகச் சேர்த்தேன். ஆண்டுவிழா ஆராதனையில் நான் பாடகர் குழுவில் நிற்காமல் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாட்டு தொடங்கியது. கதவு அடி வந்ததும் அம்மா என் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு குனிந்தும் அடங்கவில்லை.

பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா கைக்குட்டையை நீட்டி, "அழாதீங்கம்மா, அவரு நல்ல இடத்துலதான் இருக்காரு" என்றார். அம்மா அதை வாங்கி வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் தொடையைக் கிள்ளினாள்.