வயிற்றுக்குள் படி வைத்த விமானம்

மாமா கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு ரஷ்ய விமானத்தில் வந்தவர். மொஸ்கோவிலிருந்து பாரிசுக்கு எப்படி வந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த விமானமே போதுமாயிருந்தது.

அம்மாவின் தம்பியான அவர் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்களோடுதான் இருந்தார். ஓர்லி விமான நிலையத்தில், பயணிகள் இறங்கிப்போன விமானங்களைத் துப்புரவு செய்வது அவர் வேலை. ரூ காய் என்ற தெருவுக்கு மரக்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கதையைக் கேட்பேன். விமானத்தின் வயிற்றிலிருந்து படி இறங்குமாம். ஏறினால் கீழே ஓர் அறை. பெட்டியை நாமே தட்டில் வைத்துவிட்டு, உள்ளே இன்னொரு படியேறி இருக்கைக்குப் போக வேண்டுமாம். மாடி வீடு ஒன்று பறப்பதை நினைத்து எனக்கு நித்திரை வராது.

பதினான்கு வயது அண்ணா இதை நம்பவில்லை. மாமா புளுகுகிறார் என்று பிரெஞ்சில் சொன்னான். மாமாவுக்கு அது விளங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு எங்கள் இருவரையும் ஓர்லிக்குக் கூட்டிப்போனார். கியூபாவிலிருந்து ரஷ்ய விமானமொன்று வந்திருந்தது.

வேலிக்கு அப்பால் அது நின்றது. நான்கு இயந்திரங்கள், நுனி மேலே மடிந்த நீளச் சிறகுகள். ஆனால் வயிற்றில் படி இல்லை. அண்ணா சிரித்தான்.

"இது அதின்ரை தம்பி," என்றார் மாமா. "தூரம் பறக்கவெண்டு செய்தது. இதிலை அந்தப் படி இல்லை."

அண்ணா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற பிரெஞ்சுக்காரக் கிழவர் என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணா சொன்னதும் அவர் மாமாவின் பக்கம் திரும்பினார். அந்தப் பழைய விமானத்தில் ஒருமுறை ஏறிவிட வேண்டுமென்று ஆசைப்பட்டவராம், கிடைக்கவேயில்லையாம். உள்ளே எப்படி இருந்தது என்று விடாமல் கேட்டார். மாமா சொல்லச் சொல்ல அண்ணா மொழிபெயர்த்தான். ஒரு வெள்ளைக்காரர் எங்கள் மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அன்றுதான் கண்டேன்.

அதற்குள் விமானம் ஓடத் தொடங்கியது. நிலம் அதிர்ந்து என் நெஞ்சுக்குள் ஏறியது. அது எங்கள் தலைக்கு மேலே போனபோது நான் மூச்சு விடவில்லை.

சத்தம் ஓய்ந்தபின், பிறகும் விமானத்தில் பறந்தீர்களா என்று கிழவர் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் ஏறுறன்," என்றார் மாமா. "கூட்டித் துடைச்சுப்போட்டு இறங்கிடுவன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அண்ணா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. இல்லையாம் என்று ஒரே சொல்லில் கிழவருக்குச் சொன்னான்.

திரும்பி வரும்போது ரயிலில் யன்னலோர இடத்தை அண்ணா எனக்கு விட்டுவிட்டு, மாமாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தான். சண்டை பிடிக்காமலே யன்னல் கிடைத்த சந்தோஷத்தில், நான் வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.