குடிசையைப் பிரிக்கச் சொன்னவள்

சிங்கப்பூரில் எங்கள் ஃபேரர் பார்க் அடுக்குமாடி பிளாக்கில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறித்தான் கிடந்தது.

பிளாக்கில் பழைய குளியலறைகளை உடைத்துப் புதுப்பித்தார்கள். என் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும். ஹாலில் மாட்டியிருந்த என் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் தொண்டு நிறுவனத்தோடு கம்போடியா போனபோது, ஹெல்மெட்டும் பூச்சுக் கரண்டியுமாக நின்று எடுத்த படம் அது.

“அக்கா, கரண்டிய சாம்பார் கிண்டுற மாதிரியில்ல பிடிச்சிருக்கீங்க!”

அப்புறம் தயங்கிக்கொண்டே கேட்டார். “நம்ம ஊர்லயும் கட்டித் தருவாங்களாக்கா?”

ஊரில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கீற்றுக் குடிசையில் இருந்தார்கள். மனை மட்டும் சொந்தம். அந்த நிறுவனம் அவர் மாவட்டத்திலும் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபாரத்தை நிரப்பி முடித்தேன். காலி மனையின் படம் கேட்டிருந்தார்கள்.

“குடிசைய பிரிச்சிடச் சொல்லுங்க தம்பி. படம் அனுப்பிட்டா சீக்கிரம் அப்ரூவ் ஆயிடும்.”

“மழைக்கு முன்னாடி கட்டிடுவாங்களாக்கா?”

“நான் இருக்கேன்ல?”

பிரித்துவிட்டார்கள். படம் வந்தது. அனுப்பினேன்.

நிராகரித்துவிட்டார்கள். வீடு பெறும் குடும்பத்தில் இரண்டு பெரியவர்கள் கொத்தனாரோடு நின்று உழைக்க வேண்டுமாம். இவர் வீட்டில் ஊரில் இருப்பது ஒருத்திதான். எழுந்து போய் ஃபாரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த விதி அதிலேயே இருந்தது. காலி மனைப் படத்தை அனுமதி கிடைத்த பிறகு அனுப்பினால் போதும் என்பதும் இருந்தது. கடைசிப் பக்கத்தில். ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பும் மகாராணி கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை.

நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். “இங்க இருக்கவன் வீட்டையெல்லாம் அவர்தாம்மா கட்டுறாரு! அது உழைப்பு இல்லையா?”

“அங்க சைட்ல வந்து செய்யணும் ஆன்ட்டி. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா,” என்றது போனை எடுத்த பெண். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவர் ஊருக்குப் போனால் இங்கே வொர்க் பெர்மிட் ரத்தாகிவிடும், வேலை போய்விடும். போகாவிட்டால் வீடில்லை. பாவி, ஒழுகினாலும் கூரை என்று ஒன்று இருந்ததே, அதையும் பிடுங்கிப் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில், கூட்டத்துக்கு நடுவில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவரே வந்துவிட்டார். பிரித்த பழைய கீற்று மறுபடி வேய உதவவில்லையாம், மனைவியும் பிள்ளைகளும் தார்ப்பாய்க்குக் கீழே படுக்கிறார்களாம், சின்னவளுக்குக் காய்ச்சல் விடவில்லையாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“வேற எங்கயாச்சும் எழுதிப் போடுங்கக்கா,” என்றார். “மனைதான் காலியா இருக்குல்ல.”