டேஞ்சர் ஜோனில் ஒரு ஃபிரிட்ஜ் கடை

டிவி விற்கிற கடையில் வேலை செய்கிறவர்களுக்கு டிவி பார்க்க நேரம் இருக்காது; முதலாளி பார்த்துவிட்டு வந்து நம் தலையில் இறக்குவார், இந்தத் தொழிலின் அமைப்பே அப்படி.

ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்குகிற வரை நின்றே சம்பாதிக்கிறவர்களே, சாப்பிடப் போவதற்குக்கூட சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கடை விழுப்புரத்தில். திண்டிவனத்தில் ஒரு கிளை. நான் மிக்ஸி, கிரைண்டர் பகுதி. வாஷிங் மெஷின் சுமதிக்கு. ஃபிரிட்ஜுக்குக் கோதண்டம் அண்ணன்; கல்யாண சீசனில் திண்டிவனம் கிளைக்கும் அவர்தான் போய் நிற்பார். கறுப்பு வெள்ளை டிவி காலத்திலிருந்து, தொண்ணூற்று மூன்றில் கடை திறந்த நாள் முதலாக இருப்பவர். பெரிய முதலாளிக்கு முழங்கால் வலி வந்து வீட்டோடு உட்கார்ந்ததும் அவர் மகன் பிரதீப் சார் பொறுப்பேற்றார். ஏற்ற கையோடு சென்னையில் ஏதோ ஓட்டலில் நடந்த வகுப்புக்குப் போனார். டிவி போட்டிகளைப் பார்த்து நிர்வாகம் கற்றுக்கொள்ளும் வகுப்பு அது. பாட்டுப் போட்டி, சமையல் போட்டி, ஆட்களை ஒரே வீட்டில் பூட்டி வைக்கிற போட்டி, எல்லாவற்றிலும் தலைமைப் பண்பு கொட்டிக் கிடக்கிறதாம். நாங்கள் அதையெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடுவர்கள்

முதல் திங்கட்கிழமை காலையிலேயே கடை நடுவில் மூன்று சுழல் நாற்காலிகள் போட்டிருந்தன. நடுவில் பிரதீப் சார். வலப்பக்கம் அவர் மச்சான். கடையில் அவருக்கு என்ன வேலை என்று அவருக்கே தெரியாது. இடப்பக்கம் ஆடிட்டர், பாவம், கையெழுத்து வாங்க வந்தவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் ஒவ்வொருவராக வந்து, எதிரில் வாடிக்கையாளர் இருப்பதாக நினைத்து ஒரு பொருளை விற்றுக் காட்ட வேண்டும்.

நான் டில்டிங் கிரைண்டரைப் பற்றிப் பேசினேன். எத்தனை வருஷமாகப் பேசுகிற பேச்சு! கல் கழற்றத் தேவையில்லை, இடுப்பு வலிக்காது, இட்லி மாவு பஞ்சு மாதிரி வரும். முடித்ததும் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, "டெக்னிக்கலா ஓகே மேரி. ஆனா ஃபீல் இல்ல" என்றார். கிரைண்டருக்கு என்ன ஃபீல் வேண்டும் என்று கேட்கலாம்தான். சம்பளம் வாங்குகிற வாய் கேட்குமா?

அதற்குள் மண்டகப்பட்டிலிருந்து ஒரு பெரியவர், ஃபேன் வாங்க வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வரிசையாக நிற்கிற பெண்களையும், நாற்காலியில் சாய்ந்திருக்கிற ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பொண்ணு பாக்குறாங்க போல. நல்ல காரியம் நடக்கட்டும்மா, நான் சாயங்காலமா வர்றேன்."

கண்ணீர்க் கதை

டிவியில் நன்றாகப் பாடுகிறவன் ஜெயிப்பதில்லையாம், அழ வைக்கிறவன்தான் ஜெயிக்கிறானாம். ஆகவே பொருளைக் காட்டுவதற்கு முன் எங்கள் வாழ்க்கைக் கஷ்டத்தைச் சொல்லி வாடிக்கையாளரின் மனசைத் தொட வேண்டும் என்று அடுத்த உத்தரவு. கோதண்டம் அண்ணன் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை. "சொல்றதுக்கா பஞ்சம்?" என்றார்.

கண்டமங்கலத்திலிருந்து ஒரு கணவன் மனைவி ஃபிரிட்ஜ் பார்க்க வந்தார்கள். அண்ணன் உத்தரவுப்படி ஆரம்பித்தார். புயலில் வீட்டு ஓடெல்லாம் பறந்தது, மழையில் குடும்பமே கட்டிலுக்கடியில் உட்கார்ந்தது, இன்னும் பாதிக் கூரைக்குத் தார்ப்பாய்தான். அத்தனையும் நிஜம். அந்தப் புருஷன் தாங்கமாட்டாமல் தன் கதையைச் சொன்னான். அவன் மாட்டுக்கொட்டகை அதே புயலில் போனதாம். மூன்று பேரும் ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடு நல்லதா ஷீட் நல்லதா என்று வெகுநேரம் பேசினார்கள். மாடியிலிருந்து பார்த்த பிரதீப் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மனசைத் தொட்டாகிவிட்டதாம்!

தொட்டுத்தான் இருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்: "ஃபிரிட்ஜு எங்கண்ணா ஓடிடப் போவுது? எங்க கூரையும் ஒழுவுது, மொதல்ல அதப் பாக்கணும்னு இப்பதான் புத்தி வந்துச்சு."

மக்கள் தீர்ப்பு

பில் போடுகிற இடத்தில் எங்கள் போட்டோக்களை ஒட்டி, கீழே ஒரு பெட்டி வைத்தார்கள். வாங்குகிறவர்கள் பிடித்தவருக்கு ஓட்டுப் போட வேண்டும். ஓட்டுக் குறைந்தவர்கள் 'டேஞ்சர் ஜோன்.' திண்டிவனம் கிளையில் ஒருத்தர் தன் தெரு ஜனத்தையே கூட்டி வந்து போட வைத்தார் என்று கேள்வி. ஒரு பேட்டரி வாங்கிவிட்டு வீடே வந்து ஓட்டுப் போட்டுப் போனதாம்.

என்னிடம் மிக்ஸி ஜார் மட்டும் வாங்க ஓர் அம்மா வந்தார். கூலி வேலைக்குப் போய்விட்டு அப்படியே வந்தவர், காலெல்லாம் சேறு. ஓட்டுச் சீட்டை நீட்டினேன். எதற்கு என்றார். விளக்கினேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்: "எங்க வூட்டு மிக்ஸியே ஓட்டு போட்டதுக்குச் சும்மா வந்ததும்மா. நீங்க இன்னாடான்னா காசையும் வாங்கிக்கினு ஓட்டும் கேக்குறீங்களே!"

கடற்கரை வீடு

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பொம்மையார்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு வந்தேன் என்று எனக்கு வேறு மனசுக்குள் உறுத்தல். போனதும் செல்போன்களை வாங்கிக்கொண்டார்கள். மணலில் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, கடையை விட்டுப் போக வேண்டிய ஒருவரின் பெயரையும் காரணத்தையும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். "இது விளையாட்டுதானே சார்?" என்று யாரோ கேட்டார்கள். "ரிசல்ட் விளையாட்டு இல்ல" என்றார் பிரதீப் சார்.

முதலில் எழுந்தது சுமதி. தினமும் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிறவள். தரையைப் பார்த்துக்கொண்டு என் பெயரைச் சொன்னாள். கல்யாணச் சீர் வாங்குகிற பார்ட்டி வந்தால் நான் அவளிடம் அனுப்பாமல் முழுக்க நானே முடித்துவிடுகிறேனாம். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவளுக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு, புருஷனுக்கு நிரந்தர வேலை கிடையாது. யார் பெயரையாவது சொன்னால்தான் தன் பெயர் தப்பும் என்று பயந்திருப்பாள். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்று அழுகை வந்தது, கோபமும் வந்தது. என் முறை வந்தபோது மச்சான் பெயரைச் சொன்னேன். காரணம், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கடைக்கு வருகிறார். "நடுவர்கள் நாமினேஷன்ல வரமாட்டாங்க" என்றார் பிரதீப் சார். பிறகு ஒவ்வொருவராகக் கத்த ஆரம்பித்தார்கள். பழைய கணக்குகள், யார் யாரைப் பற்றிக் கோள் மூட்டினார்கள், எல்லாம் மணலில் வந்து விழுந்தது.

எங்களுக்குச் சமைக்க வந்த மீனவப் பெண் ஒருத்தி குழம்புச் சட்டியோடு வெகுநேரம் நின்று பார்த்தாள். கடைசியில் பொறுக்காமல் கேட்டாள்: "சொத்து பிரிக்கிறீங்களா, இன்னா? பிரிச்சது போதும், வந்து துன்னுங்க, மீனு ஆறிப்போவுது."

வழியனுப்பு விழா

அதிக நாமினேஷன் கோதண்டம் அண்ணனுக்கு. ஏன் என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அவர் கோபிக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும்போதே நடத்தினார்கள். எல்லா டிவியிலும் அவர் போட்டோ. சோகமான இசை. மச்சான் மைக் பிடித்து, "ரொம்ப டஃப்பான முடிவு" என்று தொண்டையைச் செருமினார். சுமதி குடோனுக்குள் போய்விட்டாள். எனக்கு எங்கேயும் போகத் தோன்றவில்லை, மிக்ஸி அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிரதீப் சார் அண்ணனை அணைத்துக்கொள்ள வந்தார். அண்ணன் விலகி, மேஜையிலிருந்த தன் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். பிரதீப் சார் அரைடிராயர் போட்டுக்கொண்டு கடைக்குள் ஓடிய காலத்தில் அவரைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர் அண்ணன். உங்கள் பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

அவர் மைக்கை வாங்கவில்லை. சத்தமும் போடவில்லை: "பிரயாணமா? டிவியில வெளிய போறவனுக்கு இன்னொரு டிவியில சான்ஸ் கெடைக்கும் தம்பி. எனக்கு இந்த வயசுல டவுன் பஸ்ஸுதான் கெடைக்கும்."

வைல்டு கார்டு

பஸ் அவரை அதிக நாள் அலையவிடவில்லை. திண்டிவனத்தில், எங்கள் கிளைக்கு எதிர்வரிசையில் புதிதாகத் திறந்த கடையில் சேர்ந்துவிட்டார். தை மாதக் கல்யாணங்கள் வந்தன. சீர் வாங்க வருகிறவர்கள் எங்கள் கிளையில் நுழைந்து "கோதண்டம் இல்லையா?" என்பார்கள். எதிரில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அப்படியே தெருவைத் தாண்டிவிடுவார்கள். பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கிற ஃபிரிட்ஜ் மாப்பிள்ளை வீட்டில் போய் மக்கர் பண்ணினால், மானம் போகாமல் ஆளை அனுப்பிச் சரிசெய்து கொடுக்கிறவர் யார் என்பதுதான் அவர்களுக்குக் கவலை. ஃபீல் எல்லாம் யார் பார்த்தது?

உடனே பிரதீப் சாருக்கு வைல்டு கார்டு ஞாபகம் வந்தது. வெளியே போனவரைத் திரும்பக் கூப்பிட்டால் பரபரப்பு கூடுமாம். என்னையும் சுமதியையும் தூது அனுப்பினார். கடற்கரைக்கு அப்புறம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் கண்டக்டரைப் பார்த்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது வறுத்த மல்லாட்டை வாங்கிப் பாதியை என் மடியில் கொட்டினாள். "அன்னிக்கி எம் பேரத்தான் சொல்லுவாங்கன்னு பயந்து முந்திக்கினேன் மேரிக்கா" என்றாள். நான் கடலைத் தோலை உரித்து, பருப்பை அவள் கையில் வைத்தேன்.

அண்ணன் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், கடையைச் சுற்றிக் காட்டினார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்: "நான் இங்க ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்லன்னு சொல்லும்மா. வேலைக்கிச் சேந்துருக்கேன்."

பெரிய மேடை

மறு வருஷம் திண்டிவனம் கிளையை மூடினார்கள். அப்புறம் விழுப்புரத்தில் மாடியைக் காலி செய்தார்கள். அப்புறம் கீழேயும். பெரிய முதலாளி கடைசி நாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். எல்லோரிடமும் "சாப்டியாம்மா, சாப்டியாப்பா" என்றே கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. நானும் சுமதியும் வேறொரு கடையில் சேர்ந்தோம், ஒரே தளத்தில்.

சில மாதம் கழித்துப் பிரதீப் சாரிடமிருந்து போன். ஒரு கல்யாண மண்டபத்தில் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கிறாராம், கூட்டம் சேர வேண்டும், வந்து உட்காருங்கள், கைதட்டுங்கள் என்றார். போனோம், சாப்பாடு உண்டு என்றார்கள். கோட்டுப் போட்டிருந்தார். எலிமினேஷன்தான் வளர்ச்சியின் ரகசியம், நாமினேஷன்தான் நேர்மையின் அடையாளம் என்று மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து பேசினார். மச்சான் மைக் சரி பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த அரிசி மில்காரர் ஒருவர் எழுந்தார். கிண்டல் செய்கிற முகம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க தம்பி, ஒங்க கடை எங்க இருக்குதுன்னு சொன்னீங்கன்னா ஒரு நாளு வந்து நேர்லயே பாத்துட்டுப் போவேன்."

ஆகக்கூடி, அந்தப் போட்டியில் தோற்றவர்கள் அத்தனை பேரும் எங்கெங்கோ மிக்ஸியும் ஃபிரிட்ஜும் விற்றுப் பிழைத்துக்கொண்டோம், கடைசிவரை உள்ளே இருந்து ஜெயித்தவர்தான் விற்பதற்கு வேறொன்றும் இல்லாமல் பாடம் விற்கிறார்.