ஒரு செயற்கை மூக்கை ஒரகடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது

கோயில், அருவி என்று ஆட்களை ஏற்றிப் போனதைத்தான் இங்கே எழுதி வந்தேன். இந்தத் தடவை வெறும் இருபத்து நான்கு கிலோமீட்டர். பார்ப்பதற்குக் கம்பெனி மதில் சுவரும் கன்டெய்னர் லாரியும்தான். ஆனாலும் மலைப்பாதை வளைவுகளில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. கேஸ் சென்சாரோடு தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. குன்றத்தூரில் 7.10க்குக் கிளம்பி, இருங்காட்டுக்கோட்டையில் ஷெட் பிடித்து ஆராய்ச்சி செய்யும் மலர்விழி மேடத்தை ஏற்றும்போது மணி 7.50. அரை நாள் வாடகை 1,600 ரூபாய், டீசல் உட்பட.

மடியில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தார்.

"இன்னா மேடம், இட்லியா?"

"மூக்கு அண்ணா. அமோனியாவ மட்டும் மோப்பம் பிடிக்கும்."

"எங்க வூட்லயும் ஒண்ணு கீது. நான் பீடி புடிச்சா தெருமுனையிலயே கண்டுபுடிச்சிடும்."

ஏழாவதோடு நின்ற எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். தகர ஆக்சைடு என்று ஒரு பொடி. எந்தப் புகையைக் கண்டாலும் கத்தும். மின்சாரம் ஓடும் ஒரு வகை பிளாஸ்டிக். அமோனியாவை நன்றாகப் பிடிக்கும், ஈரக்காற்றில் சோர்ந்துவிடும். இரண்டையும் கலந்து மெல்லியதாகப் பூசியதுதான் இந்த மூக்கு. மூன்று வருஷ வேலை. ஒரகடத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பத்து மணிக்குச் சோதனை. அங்கே குளிரூட்ட ஓடுவது அமோனியா. கசிந்தால் ஆளைச் சாய்த்துவிடும். மூக்கு தேறினால் ஆர்டர் மேடத்துக்கு. தேறாவிட்டால் அன்றைக்கே வேறு கம்பெனிக்கு. அப்புறம் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மூக்கு எப்போதும் சூடாக இருக்க வேண்டுமாம். சார்ஜர் சாக்கெட்டில் செருகி, மூடியைத் திறந்து டாஷ்போர்டில் வைத்தார். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டேன். முதல் லாரிக்குப் பின்னால் போனபோது, பெட்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பில் ஓடிய கோடு லேசாகத் துள்ளியது. டீசல் புகைக்கு அது துள்ளக் கூடாதாம். மேடம் முகம் சுருங்கியது.

பென்னலூர் அருகே ஷிப்ட் பஸ்கள் அடைத்துக்கொண்டன. இரண்டு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம். முன்னால் ஒரு லாரி கரும்புகை கக்கியது. எனக்கே இருமல் வந்தது. கோடு அசையவில்லை.

"பாத்தீங்களா அண்ணா, டீசலுக்கு ஏமாறல!"

வல்லம் பக்கம் நிறுத்தி, கையில் சானிடைசர் ஊற்றிப் பெட்டிக்கு நேரே நீட்டினார். அதற்கும் அசையவில்லை. சந்தோஷத்தில் டீ குடித்தோம். ஒரு டீ 15 ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது.

9.35க்குக் கிடங்கு. கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். செருப்போடு விட மாட்டார்கள். அவர்கள் தரும் ஷூ எல்லாம் யானை அளவு. பெட்டி தூக்குகிற சாக்கில் நானும் உள்ளே போனேன். பாதுகாப்பு அதிகாரி சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர்.

"அண்ணாச்சியும் சயின்டிஸ்டா?"

"ஆமா சார், ஸ்டியரிங் டிபார்ட்மெண்ட்."

கம்ப்ரசர் அறை வாசலில் பெட்டியை வைத்தோம். சுடலைமுத்து அமோனியாவில் நனைத்த பஞ்சைக் கிடுக்கியில் பிடித்துக் கிட்டே கொண்டு வந்தார். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெட்டி சும்மா இருந்தது. இன்னும் கிட்டே. அப்போதும் சத்தமில்லை.

"ஏம்மா, நம்ம மூக்கு எரியுது. ஒங்க மூக்கு ஒறங்குதோ?"

மேடம் வயரைக் கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவையும் அதே கதை. என் பக்கம் திரும்பினார்.

"வண்டில ஸ்ப்ரே ஏதாவது அடிச்சீங்களா அண்ணா?"

"சேச்சே, சுத்தமா தொடச்சி வெச்சிக்கீறேன் மேடம்."

பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. மேடம் உட்கார்ந்து, சோதனைப் படிவத்தில் 'பூச்சு அமோனியாவை உணரவில்லை' என்று எழுத ஆரம்பித்தார். அந்த வரியைப் படித்தபோதுதான், எதை வைத்துத் துடைத்தேன் என்று உறைத்தது. படித்தவர் ஏறுகிறாரே என்று காலையில் டாஷ்போர்டுக்குப் பாலிஷ் அடித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அவர் கையெழுத்துப் போடப் பேனாவை இறக்கினார். "மேடம், இருங்க" என்று கத்திவிட்டு, அந்த யானை ஷூவோடு ஓடிப்போய் வண்டியிலிருந்து பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்தேன்.

மேடம் அதன் பொடி எழுத்தைப் படித்தார். "சிலிகோன்." அந்த ஆவி சூடான பூச்சின் மேல் கண்ணாடி மாதிரி தோல் கட்டிவிடுமாம். அப்புறம் எந்த வாயுவும் உள்ளே போகாது.

"டீசலுக்கு ஏமாறலன்னு நெனச்சோம். அது செத்துக்கிட்டு இருந்திருக்கு. நாம டீ குடிச்சுக் கொண்டாடியிருக்கோம் அண்ணா."

சுடலைமுத்து பாட்டிலை வாங்கிப் பார்த்தார். கிண்டல் நின்றுபோனது.

"குளிர் ரூம் கதவு ரப்பருக்கு நாங்களும் இதத்தான அடிக்கோம்." அறைக்குள் சுவரில் இருந்த பழைய கேஸ் அலாரத்தைப் பார்த்தார். "முன்னெல்லாம் லாரி வந்தாலே அது கத்தும். நாலு மாசமா சத்தமே இல்ல. நல்லாயிட்டுன்னுல்லா நெனச்சோம்."

பஞ்சை அதன் கீழே பிடித்தார். அலாரம் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே குழாய்களுக்கு நடுவே இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏ, ரெண்டு பேரும் வெளிய வாங்கடே! போட்டது போட்டபடி வாங்க!"

ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "டீயா சார்?" என்றார்.

கதவைப் பூட்டினார்கள். கையில் பிடிக்கும் கேஸ் மீட்டர் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சுடலைமுத்து அப்போதே உத்தரவு போட்டார். ஆர்டர் யாருக்கும் இல்லை. மேடத்துக்குப் பதினைந்து நாள் தவணை. அந்த ஸ்ப்ரேயைத் தாங்கும் மூக்கு வேண்டுமாம். திரும்பும் வழியெல்லாம் மேடம், மூக்கின் மேல் கரித்தூள் ஏற்றிய துணி போர்த்துவதைப் பற்றியே பேசினார். கரி சிலிகோனைப் பிடித்துக்கொள்ளும், அமோனியாவை விட்டுவிடும் என்கிறார்.

போகிறவர்களுக்கு: எட்டிலிருந்து ஒன்பதரை வரை இந்த ரோட்டைத் தவிருங்கள். மதியம் திரும்ப எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம்தான் ஆனது. சென்சார் இரண்டாக எடுத்துப் போங்கள். ஒன்று இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடியில் இருக்கட்டும். டிரைவரிடம் "சுத்தமா?" என்று கேட்காதீர்கள், "எதைப் போட்டுத் துடைத்தாய்?" என்று கேளுங்கள். மூக்கு பேசாமல் வருகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கிளம்பும்போது ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை, துளி அமோனியாவைக் காட்டிக் கத்த விடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டினால் திட்டட்டும்.