ஜெனிட்டா சிஸ்டர் கட்டில் போடுகிறார்

படாளத்தில் பஸ் ஏறி சீட் கிடைத்ததும் ஜெனிட்டா சிஸ்டர் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். அப்புறம் இருமலைக் கேட்பார். மார்கழி பிறந்துவிட்டால் செங்கல்பட்டு போகிற காலை பஸ்ஸில் இருமலுக்கா பஞ்சம்! வறட்டு இருமலை அவர் கண்டுகொள்ள மாட்டார். நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று ஏறிவரும் இருமல் என்றால் மட்டும் திரும்பி, யார் என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு ஆகவே ஆகாது. அதே பஸ்ஸில், இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து வருகிறவன் நான். ஒரு நாள் எனக்கே தொண்டை கமறியது. மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. எதிரில் இருக்கும் மருந்துக் கடை என்னுடையது. குளிர்காலக் காய்ச்சல் கூட்டம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லி, கட்டிலும் ஆக்சிஜனும் ஆளும் தயாராக வைப்பது அவர் வேலை. அதற்காகக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவார். அது போதாதென்று ஊரையும் விசாரிப்பார். பள்ளிக்கூட வேன் டிரைவரிடம் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வரவில்லை என்று கேட்பார், என்னிடம் எந்த டானிக் தீர்ந்துபோனது என்று கேட்பார்.

"மொதல்ல பசங்க. அப்பால அதுங்க பக்கத்துல படுத்துக்கிற பெருசுங்க. இதான் அண்ணா வரிச. மாறவே மாறாது" என்பார் சிரித்துக்கொண்டே. நான் கூடச் சேர்ந்து சிரித்ததில்லை.

ஒல்லியான உடம்பு, வேக நடை. டீயை ஆறவைத்து மறந்துபோய், பச்சைத் தண்ணீர் மாதிரி குடிப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கமாட்டார். இந்த ஹாலில் எத்தனை கட்டில் போடலாம், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு தடவை என் கடைக்குள் வந்து அப்படி நோட்டம் விட்டார். "வேணாம் சிஸ்டர், இங்க எடமே இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கூட்டம் வரும் என்று தெரிந்துவிட்டால் மடக்குக் கட்டில்களை அவரே பிரித்துப் போடுவார். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, தலையணை வைத்து, தலைமாட்டில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் நிறுத்துவார். வராண்டா நெடுக வெறும் கட்டில்கள். அவற்றில் படுக்கப்போகிறவர்கள் அந்த நேரத்தில் செய்யூர்ப் பக்கம் எங்கேயோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். தங்களுக்குத் தலையணை போட்டாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் அந்தக் கட்டில்களைப் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்து போவேன்.

வார்டு கூட்டுகிற ஆயாம்மா சின்னப்பொண்ணுவுக்கு என்னைவிடப் பயம். "காலி கட்டிலு சும்மா கெடக்காது அண்ணாத்த. ஆள கூப்புடும். சிஸ்டரு போட்டா போதும், ஜனம் வந்துகினே கீது" என்பார்.

போன வருஷம் அந்தப் பயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். நல்ல மனசோடுதான் செய்தார். சிஸ்டர் லீவில் இருந்த நாளாகப் பார்த்து, போட்டிருந்த கட்டில்களையும் சிலிண்டர்களையும் ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கட்டில் இல்லையென்றால் பிள்ளைகள் படுக்கையில் விழமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார். ஆனால் கூட்டம் வந்தது. பூட்டை உடைத்து சிலிண்டரை எடுத்து வருவதற்குள், அப்பாவின் மடியிலேயே ஒரு பெண் குழந்தை போய்விட்டது.

சிஸ்டர் திட்டவில்லை. "வேணும்னு செய்யல, பயந்து செஞ்சிட்ச்சு" என்றதோடு சரி. சின்னப்பொண்ணு பல நாள் அழுதார். ஆனால் எண்ணம் மட்டும் மாறவில்லை. "நான் ஒளிச்சி வெச்சும் அந்தக் கட்டிலு ஒண்ண கூப்ட்டுகினு பூட்ச்சே" என்றுதான் அழுதார்.

இந்த வருஷம் பொங்கலுக்கு அவசரப் பிரிவு காற்று வாங்கியது. வரைபடத்தில் கோடு இறங்கிவிட்டது, அப்பாடா என்றார்கள் டாக்டர்கள். காணும் பொங்கலன்று ஊரே மாமல்லபுரம் பஸ்களில் தொங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனது. மத்தியானம் மாஸ்க் பெட்டியைக் கொடுக்க நான் உள்ளே போனேன். உள்ளே ஆள் அரவமே இல்லை. அந்த அமைதியில் சிஸ்டர் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் போடுவதைவிட அதிகம்.

"இன்னா சிஸ்டர், ஈ காக்கா இல்ல. நீங்க பாட்டுக்குப் போட்டுகினே கீறீங்க?"

"அதான் அண்ணா பயமா கீது. பண்டிகைல எவன் ஆஸ்பத்திரிக்கு வருவான்? கொயந்தைக்கு மூச்சு வாங்கினாலும் வூட்டுலயே வெச்சிகினு இருப்பான். நோவு எங்கயும் போவல. எல்லாம் நாளைக்கு ஒண்ணா வரும்."

அப்போது அவர் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து கணவர். அவர்களுடைய மகன் ஜோயல், இன்னும் பால்வாடிக்குப் போகிற வயசு, காலையிலிருந்து இருமுகிறானாம்.

"சட்டைய தூக்கிப் பாரு. மூச்சு உடும்போது நெஞ்சு உள்ள குழி உழுதா? இல்லியா? நல்லா பாத்து சொல்லு... சரி, இட்டுகினு வா."

போனை வைத்துவிட்டு அவர் மறுபடியும் கட்டில் பக்கம் போனார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு ஓடிவந்து, மிச்சமிருந்த ஒரே கட்டிலைப் பிரிக்கவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சிஸ்டர்! ஒங்க புள்ள இருமிகினு கீது. ஒண்ணே ஒண்ண கொறச்சிடுங்க. ஒங்க கால்ல உழறேன்."

ஒன்றைக் குறைத்தால்தான் என்ன என்று எனக்கும் வாய்வரை வந்தது. படித்தவன்தான், மருந்து விற்கிறவன்தான். இருந்தாலும் வந்தது.

"வுடு சின்னப்பொண்ணு. இத கொறச்சா எவன் புள்ளைக்குக் கொறையும்?" என்றார் சிஸ்டர்.

சின்னப்பொண்ணு கையை எடுத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் கட்டிலைப் பிரித்தார். பிள்ளைகளுக்கான குட்டைக் கட்டில் அது. விரிப்பை இழுத்துவிட்டு, தலையணையைத் தட்டி வைத்து, சிலிண்டரை நிறுத்தினார். எல்லாம் முடிந்தும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெறும் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ஏதோ ஆட்டோ சத்தம் கேட்டு, நிற்காமல் போனது.

சிஸ்டர் செருப்பைக் கழற்றினார். "இந்தா, இதுக்கு ஆளு வந்தாச்சு" என்று எங்கள் யாரிடமும் இல்லாமல், கட்டிலிடம் சொன்னார். பிறகு அதன்மேல் ஏறி, முழங்காலை மடக்கி, அந்தக் குட்டைக் கட்டிலுக்குள் உடம்பைச் சுருக்கிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.