சூளகிரிக்கு இந்தப் பக்கம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆசீர்வாதம் அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. அப்படியே ஓடினேன். மத்திகிரி ஜெபவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நாலு பேர் என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருக்க மாட்டார்.

உங்களில் பலருக்கு அவர் கம்பெனி கேட் செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பவர். எனக்கு அவர் யார் என்று சொல்வதற்கு என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அஞ்சாவதோடு நின்றவன் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன் பாரூரில், கரும்பு ஏற்றிய டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தேன். பங்காளி மாது பின்னால் நின்று "வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் குரல் நின்றது. நான் பிரேக்கை மிதித்தது அதற்கப்புறம்தான். கோர்ட்டில் கேஸ் விபத்து என்று முடிந்தது. மாதுவின் அண்ணன் முனிரத்தினத்துக்கு அது முடியவில்லை. "ஊர் எல்லைக்குள்ள உன்னைப் பார்த்தா வெட்டுவேன்" என்று சுடுகாட்டிலேயே சொல்லியிருந்தான்.

ஓசூருக்கு ஓடிவந்து, வேலை கேட்டு மத்திகிரியில் அந்த கம்பெனி கேட்டில் நின்றேன்.

"வேலை கேக்கறவன் எதுக்குடா நடுங்கற?" என்றார் அண்ணன்.

என்னவோ, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வேணும்னு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?" என்று தமிழில் கேட்டார். நம்பிக்கை வரவில்லை போல, கன்னடத்தில் கேட்டார். அப்புறம் தெலுங்கில். மூன்றுக்கும் அழுதேன்.

"சரி, உள்ள வா."

லைன் வீட்டில் அவர் அறையிலேயே பாய் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குத்தான் வேதத்திலிருந்து ஒரு சட்டத்தைச் சொன்னார். இஸ்ரவேலருக்கு ஆறு அடைக்கலப்பட்டணம் இருந்ததாம். தெரியாமல் ஒருத்தனைக் கொன்றவன் அங்கே ஓடிப்போய், ஊர் வாசலில் நின்று பெரியவர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். பழிவாங்க வருகிறவனிடம் கொடுக்க மாட்டார்கள். எல்லையைத் தாண்டினால் மட்டும் அவர்கள் பொறுப்பில்லை. அவர்கள் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர் செத்த பிறகுதான் அவன் சொந்த ஊருக்குத் திரும்பலாம்.

"உனக்கு எல்லை சூளகிரி பஸ் ஸ்டாண்டு. அதுக்கு அந்தப் பக்கம் கால் வெக்காத."

"இங்க பிரதான ஆசாரியர் ஆருங்கண்ணா?"

"வேற ஆளு கிடைக்கல. நான்தான்."

அன்றிலிருந்து எனக்குக் கொண்டாட்டம். அவருக்கு எப்போதும் இருமல். தினமும் டீ கொடுக்கும்போது கேட்பேன்: "இருமல் எப்படிங்கண்ணா? ஊர்ல கரும்பு வெட்டு ஆரம்பிச்சிட்டாங்களாம்."

"உனக்காகவே நாளைக்குச் செத்துர்றேன்டா. இன்னைக்கு சர்க்கரை தூக்கலாப் போடு."

என் அம்மா இறந்தபோது போக முடியவில்லை. அண்ணன் லீவு போட்டு என்னைச் சூளகிரிவரை கூட்டிப்போனார். எங்கள் ஊர்ப் பக்கம் கிருஷ்ணகிரி பஸ் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு, பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "சட்டம் உன்னை உசுரோட வெக்கும். அதுக்கு மேல அதுகிட்ட எதையும் கேக்காத" என்றார். அவர் கையில் வாங்கி வைத்திருந்த பன் அப்படியே இருந்தது.

இந்த மழைக்கு இருமல் நெஞ்சில் இறங்கியது. கடைசி வாரமும் நான் அதே கேள்வியைத்தான் கேட்டேன். பதில் சொல்ல மூச்சில்லாமல் கையை ஆட்டினார். அதையும் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். இன்னும் காதில் கேட்பது அந்தச் சிரிப்புதான்.

அவருடைய பழைய வேதாகமத்தை ஜெபவீட்டார் என்னிடம் கொடுத்தார்கள். அந்த ஆறு ஊர் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் என் பெயரை எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள், சட்டப்படி, ஊருக்குக் கிளம்பினேன். வேதாகமத்தையும் வெள்ளைச் சட்டையையும் பையில் வைத்து பஸ்ஸில் மேலே போட்டேன். சூளகிரியில் வண்டி நின்றபோதுதான் உறைத்தது. இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முனிரத்தினத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் சேர்த்துக்கொள்ள அம்மாவும் இல்லை. மத்திகிரிக்குத் திரும்பினாலும், கேட்டில் இப்போது வேறு ஆள்.

இறங்கிவிட்டேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் போன பிறகுதான் பை மேலேயே இருப்பது ஞாபகம் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் கண்டக்டருக்கு போன் போட்டுக் கேட்டார். பை பத்திரமாக இருக்கிறதாம், நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். டிப்போ கிருஷ்ணகிரியில் இருக்கிறது.